மார்த்தாக்காவின் அமெரிக்கக் குறடு

"என்ர சின்னக் குறடு உங்க வந்ததோ தம்பி?"

படலைக்கு வெளியே நின்று மார்த்தாக்கா கேட்டார். கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டிருந்த நிரூபன் நுரையைத் துப்பிவிட்டு, கொஞ்சமும் வெட்கப்படாமல் பதில் சொன்னான். "வந்தது அக்கா. முந்தநாள் ஐஸ்கடைப் பக்கம் போயிட்டுது." ஐஸ்கடையில் விசாரித்தால், "நேற்று இஞ்சதான் நிண்டது, விடியத்தான் வெளிக்கிட்டது" என்றார்கள். விருந்துக்கு வந்த சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் மார்த்தாக்காவின் குறட்டைப் பற்றித் தாழ்வுபாட்டுக் கிராமத்தில் பேசுவார்கள். போன வருடம் வரைக்கும் அவருடைய காலை இப்படித்தான் விடிந்தது. தன்னுடைய சாமானைத் தானே இரவல் கேட்டு வாங்கிய பிறகுதான் லொறியை எடுக்க முடியும்.

லொறி என்றால் பெரிய லொறி இல்லை. எல்லோரும் 'பட்டா' என்று சொல்லும் சின்ன வண்டி. தாழ்வுபாட்டுக் கரையில் மீன் பெட்டிகளை ஏற்றி மன்னார்ச் சந்தையில் இறக்கி, அங்கிருந்து ஐஸ் ஏற்றிக்கொண்டு திரும்புவது மார்த்தாக்காவின் தொழில். ஓட்டுவதும் அவர்தான், பழுது பார்ப்பதும் அவர்தான். பூப்போட்ட நீளச் சட்டை, அதற்கு மேலே கணவர் சிங்கராசாவின் பழைய சேட்டு, தலையில் ஒரு துவாய். வலது செருப்பின் குதி மட்டும் தேய்ந்திருக்கும். வண்டிக்குள் ஏறினால் வானொலி போடமாட்டார். "பாட்டுப் போட்டால் வண்டி சொல்லுறது கேக்காது" என்பார்.

தளர்ந்து போன எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பூசையில் முன் வாங்குப் பலகையின் திருகாணி கழன்று நின்றால், பிரசங்கம் முழுவதும் கண் அதிலேயே இருக்கும். முழங்காலில் இருக்கும் நேரத்தைச் சாட்டாக வைத்து, பெருவிரல் நகத்தால் அதைத் திருகிப் பார்ப்பார். ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளை இருந்த கதிரை ஆடியது. மார்த்தாக்கா மேடைக்குப் போய், "ஒருக்கா எழும்பும் தம்பி" என்று மாப்பிள்ளையை எழுப்பிவிட்டு, கதிரையைத் தலைகீழாகப் புரட்டி இறுக்கிக் கொடுத்தார். கலியாண வீடியோவில் அது அப்படியே இருக்கிறது. கேட்டால் சிரிப்பார்: "ஆடுற சாமான் எங்களைக் கூப்பிடுது எல்லோ. கேட்டும் கேளாத மாதிரி எப்பிடி இருக்கிறது?"

இப்படிப்பட்ட கைக்குத்தான் ஒரு குறடு நிலைக்கவில்லை. இரவல் கேட்டு வருபவருக்கு இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. குறட்டுக்குச் சிவப்புப் பெயின்ட் பூசிப் பார்த்தார். கரை முழுக்கச் சிவப்புக் குறடுகள் தோன்றின. ஆணியால் பேரைக் கீறினார். பக்கத்தில் இன்னொருவருடைய பேரும் சேர்ந்து திரும்பி வந்தது. கடைசியில் ஒரு தகரப் பெட்டி வாங்கி, எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டுப் போட்டார். கொஞ்ச நாளில் நிரூபன் வந்து, "அக்கா, ரெண்டு நாளைக்கு அந்தப் பூட்டைத் தருவீங்களோ?" என்று கேட்டான். கொடுத்துவிட்டார்.

மன்னாருக்குப் போகும் பெரும்பாலத்தடியில் பூநாரை பார்க்க வெளிநாட்டுக்காரர் வருவார்கள். ஒரு நாள் நெடுங்குளம் பக்கம் ஐஸ் இறக்கிவிட்டு அந்த வழியால் வந்தபோது, வீதியோரத்தில் ஒரு வெள்ளைக்காரர் கமராவை முக்காலியில் பூட்டிக்கொண்டு நின்றார். முக்காலியின் ஒரு கால் ஆடியது. மார்த்தாக்கா பிரேக் போட்டார். ஆசனத்துக்குக் கீழே குறட்டைத் தேடினார். அது எங்கோ விருந்துக்குப் போயிருந்தது. அதற்குள் வெள்ளைக்காரர் இடுப்பிலிருந்து உள்ளங்கை அளவான ஒரு இரும்புத் துண்டை எடுத்தார். விரித்தார், குறடு. பிடியின் பக்கத்திலிருந்து ஒன்றை நகத்தால் இழுத்தார், ஸ்குரூ டிரைவர். மறுபக்கத்தில் கத்தி, அரம், வாள், கத்திரிக்கோல் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து படுத்திருந்தன. முக்காலி இறுகியது. மார்த்தாக்கா கையை நீட்டினார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

"மடிக்கேக்க 'டிக்'கெண்டு ஒரு சத்தம்" என்று அன்று பின்னேரம் மகள் றொஷேலிடம் சொன்னார். "நல்ல சங்கிலியின்ர கொழுக்கி பூட்டுமே, அந்தச் சத்தம். திருப்பிக் குடுக்க மனமே வரேல்ல பிள்ளை."

றொஷேல் மன்னாரில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறாள். தாய் சொன்ன அடையாளங்களை வைத்து போனில் தேடி, படத்தைக் காட்டினாள். அதுதான். ஆனால் அமெரிக்காக் கடை. அங்கிருந்து இலங்கைக்கு அனுப்ப மாட்டார்களாம்.

"அதுக்கு வேற வழி இருக்கம்மா. அங்க ஒரு கொம்பனி எங்களுக்கெண்டு ஒரு விலாசம் தரும். கடைக்காரன் அந்த விலாசத்துக்கு அனுப்புவான். கொம்பனிக்காரர் அதை எடுத்து எங்களுக்கு அனுப்பி விடுவினம்."

"என்ர பேரிலயோ விலாசம்?"

"ஓம். மார்த்தா சிங்கராசா எண்டு."

சிங்கராசா வலைக்கு மிதப்புக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "ஒரு குறட்டுக்கு அமெரிக்காவோ? மன்னார்ப் பசாரில இல்லாத குறடோ?"

"இருக்கு. அதெல்லாம் ஊருக்குக் குறடு. வாங்கி வந்த கிழமையே ஊரோட போயிடும்." மார்த்தாக்கா கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகச் சொன்னார்: "எனக்கெண்டு ஒண்டு வேணும்."

சிங்கராசா மிதப்பிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து மார்த்தா தனக்கென்று ஒன்று கேட்டதாக அவருக்கு நினைவில்லை. அடுத்த மிதப்பை எடுத்தார். சீட்டுக் காசு கைக்கு வந்ததும் றொஷேல் போனில் அழுத்த வேண்டியதை அழுத்தினாள்.

அதன் பிறகு கொஞ்சக் காலம் ஊருக்கு நல்ல பொழுதுபோக்கு. மார்த்தாக்காவுக்கு அமெரிக்காவில் விலாசம் இருக்கிறது என்பது சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் அமெரிக்காவில் வீடு இருக்கிறது என்று ஆகிவிட்டது. பூசை முடிந்து வரும்போது பங்குச் சுவாமி அவரை நிறுத்தி, சுகம் விசாரித்து, கோயில் கூரை ஒழுகுவதைப் பற்றி மெல்லப் பேச்சைத் தொடங்கினார். "சுவாமி, அது ஒரு தட்டு மாத்திரம்தான். என்ர பேரில அந்தக் கொம்பனி அலுமாரியில ஒரு தட்டு" என்று விளக்கி முடிப்பதற்குள் மார்த்தாக்காவுக்கு வேர்த்துவிட்டது.

சந்தையில் அவருடைய மீனை எடுக்கும் சாஹுல் ஹமீட் முதலாளி நல்ல மனிதர். "இதுக்குப் போய் ஏன் அக்கா அலையிறீங்க?" என்று கொழும்பிலிருந்து வரும்போது அதே சாயலில் ஒரு மலிவுச் சாமானை வாங்கி வந்து பரிசாகக் கொடுத்தார். மார்த்தாக்கா நன்றி சொல்லி வாங்கி, பட்டாவின் பின்கதவு நட்டில் வைத்து ஒரு திருகு திருகினார். நட்டு அசையவில்லை, குறட்டின் வாய் கோணிவிட்டது. முதலாளியின் மனம் நோகக்கூடாதே என்று அவர் இல்லாத நேரத்தில்தான் றொஷேலிடம் சொன்னார்: "இது குறடு இல்லைப் பிள்ளை. குறட்டின்ர படம்."

பொதி எங்கே நிற்கிறது என்று போனில் பார்க்கலாம். விடிந்தால் றொஷேல் பார்த்துச் சொல்ல வேண்டும். மார்த்தாக்கா கரைக்குப் போனால் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

"இண்டைக்கு ஆள் எங்கயக்கா?" என்று நிரூபன் கேட்பான்.

"டுபாயில நிக்குது."

"டுபாயிலயோ? அப்ப கொஞ்சக் காலம் உழைச்சுப்போட்டுத்தான் வரும்."

கரையே சிரித்தது. மார்த்தாக்காவும் சிரித்தார். ஆனால் ஆள் டுபாயிலிருந்து கொழும்புக்கு வந்து, அங்கே அசையாமல் நின்றபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பொதிக்குள் கத்தி இருக்கிறதாம். விளக்கம் கேட்டுக் கொழும்புச் சுங்கத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி அழைத்தார். மீன் பெட்டிகளுக்கு நடுவில் நின்று மார்த்தாக்கா போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கத்தில் சிங்களம் கலந்த தமிழ்.

"அம்மா, இதில கத்தி இருக்குதானே? எதுக்கு? மீன் வெட்டவா?"

"மீன் வெட்ட வீட்டில கத்தி கிடக்கு மிஸ். நான் லொறி ஓடுறன். இது குறடு. கத்தி அதில ஒரு மூலையில சும்மா படுத்துக் கிடக்கும்."

"குறடு அங்க கடையில இல்லையா?"

மார்த்தாக்கா மறைக்கவில்லை. உண்மையைச் சொன்னார். "இருக்கு மிஸ். வாங்கினால் எல்லாரும் இரவல் கொண்டுபோயிடுவினம். எனக்கு ஏலாதெண்டு சொல்லத் தெரியாது. இது இடுப்பில கட்டுற சாமான். அதால கேட்டனான்."

அந்தப் பக்கத்தில் ஒரு சிரிப்பு. "என்ட வீட்டிலயும் அப்பிடித்தான் அம்மா. என்ட கத்திரிக்கோல வச்ச இடத்தில நான் இன்னும் ஒரு நாளும் காணல்ல." தொழிலுக்கான கருவி என்று ஒரு வரி எழுதி அனுப்பும்படியும், சுங்க வரியைக் கட்டும்படியும் சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார். அதன் பின் பொதி மன்னாருக்கு வர நாள் எடுக்கவில்லை.

பட்டாவின் பின் தட்டில் வைத்துத்தான் பெட்டியைத் திறந்தார்கள். கரையில் நின்றவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். மார்த்தாக்கா கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டு, அதை எடுத்து விரித்து, மடித்தார். 'டிக்.' மறுபடி விரித்து, மறுபடி மடித்தார். பிறகு நீல நைலோன் கயிற்றின் ஒரு முனையை அதன் வளையத்திலும் மறுமுனையை இடுப்பிலும் கட்டினார். வலைக்காரர் போடும் முடிச்சு, இலகுவில் அவிழாது.

"அக்கா, ஒருக்காத் தாங்கோவன்" என்றான் நிரூபன். "வீட்டு ஃபான் ஒண்டு ஆடுது."

எல்லோரும் மார்த்தாக்காவின் முகத்தைப் பார்த்தார்கள். இல்லை என்று சொல்ல அவருக்கு இப்போதும் வாய் வரவில்லை. "குறடு வராது தம்பி" என்றார். பிறகு, தானே எதிர்பாராத ஒரு வசனம் வந்தது: "நான் வாறன்."

அன்றிலிருந்து குறடு வேண்டுமென்றால் மார்த்தாக்காவையும் சேர்த்துத்தான் கூட்டிப்போக வேண்டும் என்று ஆனது. நிரூபன் வீட்டு ஃபான் ஆட்டத்தை நிறுத்தியது. சாஹுல் ஹமீட் முதலாளியின் ஐஸ் அரைக்கும் இயந்திரத்துக்குள் தலையை விட்டு வேலை செய்தார்; முதலாளியின் மனைவி கைருன்னிசா வட்டிலப்பம் கொடுத்து இருத்திப் பேசிக்கொண்டிருந்தார். கோயில் மணியின் கயிற்றுக் கப்பி இறுகியபோது மணிக்கூண்டின் உச்சிவரை ஏறினார். மேலே நின்று பார்த்தால் கரை முழுவதும் தெரிந்ததாம். "எங்கட வீட்டுக் கூரையில எத்தினை செருப்புக் கிடக்குது தெரியுமோ?" என்று இறங்கி வந்து கேட்டார். முன்பு குறடு மட்டும் போன வாசல்களுக்குள் இப்போது அவரே போய் வந்தார். தேநீர் குடித்துக் குடித்து, வீட்டில் சாப்பாடு குறைந்துவிட்டது என்று சிங்கராசா குறைப்பட்டுக்கொண்டார்.

அப்போது வாடைக்காலம். வாடை என்பது தாழ்வுபாட்டுக் கரையிலிருந்து வள்ளத்தை வெளியே தள்ளும் காற்று. ஒரு காலை, மீன் ஏற்ற வந்து காத்திருந்த மார்த்தாக்கா, சிங்கராசா போனைக் காதில் வைத்தபடி மணலில் ஓடி வருவதைப் பார்த்தார். கடலுக்குப் போன நிரூபன் அழைத்திருந்தான். கடலில் மிதந்த பழைய கயிறு ஒன்று, உள்ளே கம்பி வைத்துத் திரித்தது, அவனுடைய வள்ளத்து இஞ்சின் விசிறியில் இறுகச் சுற்றிவிட்டது. நங்கூரம் பிடிக்காமல் வள்ளம் வெளியே இழுபட்டுக்கொண்டிருக்கிறது. கட்டி இழுத்து வரலாம். ஆனால் புதிதாக வாங்கிய வலை முழுவதும் கடலுக்குள் கிடக்கிறது; இஞ்சின் வேலை செய்யாவிட்டால் அதை அறுத்துவிட்டுத்தான் வரவேண்டும்.

கரையில் குறடுகள் இருக்கத்தான் செய்தன. எல்லாம் ஒரு காலத்தில் மார்த்தாக்காவுடையவை. உப்புப் பிடித்து, வாய் திறக்க மறுத்தவை.

"மார்த்தா, அதைத் தா. நேரமில்லை."

நிரூபனின் மனைவி அந்த வலைக்காகக் கழுத்தைக் காலியாக்கியது மார்த்தாக்காவுக்குத் தெரியும். விரல்கள் முடிச்சைத் தேடின. இறுகியிருந்த முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தார். இடுப்பில் கட்டிய நாளுக்குப் பிறகு முதல் தடவையாகக் குறடு அவருடைய உடம்பை விட்டு வந்தது. "இந்தாங்கோ. கெதியாப் போங்கோ."

சிங்கராசா வாங்கிக்கொண்டார். வள்ளத்தடிக்குப் போனார். கையிலிருந்ததை விரித்துப் பார்த்தார், கத்திரிக்கோல் வந்தது. மடித்து, மறுபக்கம் இழுத்தார், அரம் வந்தது. திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"இதுக்குள்ள எது எங்க கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்? வா, ஏறு."

மார்த்தாக்கா நின்ற இடத்திலேயே நின்றார். சிங்கராசாவின் தகப்பன் காலத்திலிருந்து அவர்களுடைய வள்ளத்தில் பெண் கால் பட்டதில்லை. பட்டால் வலை வெறுமையாக வரும் என்பது அந்த வீட்டுப் பேச்சு. இத்தனை வருடமும் வள்ளம் தள்ளும்போது மார்த்தாக்கா பார்த்துக்கொண்டு நின்ற இடம், ஈர மணல் முடிகிற இடம். பின்னாலிருந்து ஒரு பெரியவர், "சிங்கராசா, பொம்பிளையையோ?" என்று தொடங்கினார்.

"இவ்வளவு காலமும் எங்கட மீனைச் சந்தைக்குக் கொண்டுபோனது இந்தக் கால்தானே அண்ணை" என்றார் சிங்கராசா. "அதால ஒண்டும் கெடேல்லையே." இடுப்பளவு தண்ணீரில் நின்று வள்ளத்தைத் தோளால் அணைத்துப் பிடித்தார்.

மார்த்தாக்கா செருப்பைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு ஏறினார்.

வள்ளம் ஆடியது. ஆடுகிற எதையும் இறுக்கிவிடும் அந்தக் கைகளுக்கு அங்கே எதை இறுக்குவதென்று தெரியவில்லை. இருபக்கமும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லி முடித்து, மறுபடியும் தொடங்கினார். நிரூபனின் வள்ளத்தை அணைந்ததும்தான் கண்ணைத் திறந்தார். அதன் பிறகு பயப்பட நேரமிருக்கவில்லை. அந்த வள்ளத்துக்கு மாறி, தூக்கி வைத்த இஞ்சினின் மேல் குப்புறப் படுத்து, பாதி உடம்பைத் தண்ணீருக்கு மேலே நீட்டினார். சிங்கராசா அவருடைய சேட்டைப் பின்னால் இறுகப் பிடித்துக்கொண்டார். முதலில் வாள் கயிற்றைத் தின்றது. பிறகு குறட்டின் தாடைக்கு அடியிலுள்ள வெட்டியால் கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கினார். அலை ஒன்று வந்து முகத்தில் அடித்தது. துப்பிவிட்டு, "இஞ்சார், இந்த முனையைப் பிடி தம்பி" என்று நிரூபனுக்குக் கட்டளை போட்டார். கடைசித் துண்டு கம்பி கழன்று விழுந்தது.

நிரூபன் கயிற்றை இழுத்தான். இஞ்சின் இருமியது, இருமி, பிடித்துக்கொண்டது. அவன் வாயைத் திறந்து என்னவோ சொல்லப் போனான். மார்த்தாக்கா தடுத்துவிட்டார். "கதை பிறகு. வலையைப் பார்." வலை ஏறத் தொடங்கியது. ஏறிய வலையில் மீன் மின்னியது. சிங்கராசா அதைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

தங்கள் வள்ளத்தில் திரும்பும்போது மார்த்தாக்கா நனைந்த சேட்டைப் பிழிந்துகொண்டு இஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உந்த இஞ்சினை எப்பிடித் திருப்பிறது?"

"கைபிடியை இந்தப் பக்கம் தள்ளினால் வள்ளம் அந்தப் பக்கம் போகும். மாறித்தான் போகும்."

"மாறியோ? விசர் வேலை" என்றார். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

சிங்கராசா கொஞ்சத் தூரம் ஓட்டினார். பிறகு எழுந்து, மனைவியின் இடது கையைப் பிடித்துக் கைபிடியில் வைத்துவிட்டு, நடந்து போய் முன்பக்க அணியத்தில் இருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. நனையாமல் காப்பாற்றிய ஒரு பீடியைப் பற்ற வைக்கப் போராடிக்கொண்டிருந்தார்.

மார்த்தாக்கா நிமிர்ந்து இருந்தார். முன்னால் தாழ்வுபாட்டுக் கரை தெரிந்தது. கோயில், பனைகள், மணலில் கூடி நின்ற ஆட்கள். வள்ளம் வலப்பக்கம் திரும்ப வேண்டும். நிரூபனின் வள்ளம் எங்கோ பின்தங்கிவிட்டது; சுற்றிவரக் கடலில் வேறொரு வள்ளமும் இல்லை. கைபிடியைத் தள்ளுவதற்கு முன், மார்த்தாக்கா தன் வலது கையை நன்றாக வெளியே நீட்டி, பின்னால் வருபவருக்குச் சைகை காட்டினார்.